கட்டண டிவி, டிஷ், ஊர்ச் சேனல்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

வணக்கம். மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்திலும் ஜார்ஜ்டவுனிலும் இருபது வருடம் ஆண்டெனாவும் டிஷ்ஷும் பொருத்தினேன். பிறகு ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் ஜேஎம்பி என்கிற கூட்டு நிர்வாகக் குழுவில் ஆறு வருடம் இருந்தேன். டிவி விஷயத்தில் யாரிடம் எதைக் கேட்பது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

செந்தூல் அக்கா: ஒப்பந்தம் முடிந்து டீகோடரையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன் தம்பி. இன்னும் மூன்று மாதமாக பில் வருகிறது. டிபிகேஎல்லில், அதாவது கோலாலம்பூர் மாநகர் மன்றத்தில், புகார் கொடுக்கலாமா?

டிபிகேஎல்லுக்கு இதில் அதிகாரம் இல்லை அக்கா. நம் நாட்டில் கட்டண டிவி 1998ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ் வருகிறது. உரிமம் கொடுப்பது அமைச்சர், கண்காணிப்பது சைபர்ஜெயாவில் இருக்கும் எம்சிஎம்சி என்கிற தொடர்பு பல்லூடக ஆணையம். ஊர் மன்றத்துக்கு அங்கே நாற்காலியே கிடையாது.

முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் பேசியதோடு விடாதீர்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். டீகோடரைத் திருப்பிக் கொடுத்தபோது தந்த ரசீதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். அது இல்லாமல் தோற்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே சரிவராவிட்டால் சிஎஃப்எம் என்கிற பயனீட்டாளர் மன்றத்துக்கு இணையம் வழியாகவே அனுப்பலாம். இதே சட்டத்தின் கீழ் ஏற்படுத்தப்பட்ட மன்றம் அது. நிறுவனங்களும் பயனீட்டாளர் சங்கங்களும் இரண்டும் அதில் உறுப்பினர்கள். அதற்கு மேல் எம்சிஎம்சி.

பணம் திரும்ப வேண்டுமென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். பயப்படாமல் போங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: தஞ்சாவூரில் என் அத்தை வீட்டில் கேபிள் கட்டானால் தெருக்கோடி கேபிள்காரர் வந்துவிடுகிறார். தகராறு என்றால் கலெக்டர் வரை போகலாம் என்கிறார்கள். நமக்கு ஏன் அப்படி இல்லை?

அங்கே உண்மையிலேயே அப்படித்தான். இந்தியாவின் 1995ஆம் ஆண்டு கேபிள் சட்டம் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், போலீஸ் கமிஷனர் ஆகியோரை அதிகாரிகளாக வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2007இல் அரசு கேபிள் நிறுவனமே ஆரம்பித்தார்கள். 2011இல் மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தார்கள்.

நம் கதை வேறு. 1995இல் மெகா டிவி கம்பியில்லாமல் வந்தது. 1996இல் ஆஸ்ட்ரோ என்கிற செயற்கைக்கோள் டிவி வானத்திலிருந்து இறங்கியது. தெருவில் கம்பி இழுத்து வீடு வீடாகக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றவே இல்லை. கம்பி இழுப்பவன் ஊர்ச் சாலையைத் தோண்ட வேண்டும், கம்பத்தில் கட்ட வேண்டும். அப்போதுதான் ஊர் அவனிடம் நிபந்தனை போட முடியும். மீசாட் செயற்கைக்கோளிலிருந்து மொட்டை மாடிக்கு நேராக வரும் அலையிடம் எந்த ஊர் என்ன கேட்கும்? இன்று ஃபைபர் வழியாக டிவி வருகிறது. சாலையைத் தோண்டவும் செய்கிறார்கள். ஆனால் மன்றம் பார்ப்பது தோண்டிய குழியைத்தான், சேனலை அல்ல.

புக்கிட் மெர்தாஜாம் ஆசிரியை: அமெரிக்காவில் படிக்கும் என் மகன், அங்கே ஊர் மக்களே நடத்தும் சேனல் இருக்கிறது என்றான். உண்மையா சார்?

உண்மை டீச்சர். எனக்குப் பிடித்த கேள்வி இது. முன்பு சொன்ன அதே சாலைக் காரணம்தான். கேபிள் கம்பி ஊர்ச் சாலையில் ஓடுவதால் அங்கே நகர மன்றமே கம்பெனியோடு ஒப்பந்தம் போடும். 1984இல் வந்த அவர்கள் சட்டப்படி, கேபிள் வருமானத்தில் 5 விழுக்காடு வரை மன்றம் கட்டணமாக வாங்கலாம். பொதுமக்களுக்கு, பள்ளிகளுக்கு, மன்றத்துக்கு என்று சேனல்களை ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம். அப்படித்தான் பல ஊர்களில் மன்றக் கூட்டம் நேரலையில் ஓடுகிறது, சாதாரண ஆள் கேமரா பிடித்து நிகழ்ச்சி செய்கிறான். இப்போது மக்கள் கேபிளை விட்டு இணையத்துக்குப் போவதால் அந்தப் பணம் சுருங்குகிறது.

நம்மிடமும் ஒரு பொது நிதி இருக்கிறது. தொலைத்தொடர்பு உரிமம் வைத்திருப்பவர்கள், கணக்கிட்ட நிகர வருமானம் 20 லட்சம் வெள்ளியைத் தாண்டினால், அதில் 6 விழுக்காடு கட்ட வேண்டும். கிராமத்துக் கோபுரங்களுக்கும், முன்பு இணைய மையம் என்று இருந்து இப்போது நாடி எனப்படும் மையங்களுக்கும் பணம் அதிலிருந்துதான் போகிறது. ஆனால் நிகழ்ச்சி ஒளிபரப்பும் உரிமத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. செந்தூலில் ஆயிரம் வீடு மாதாமாதம் கட்டும் டிவி பணத்திலிருந்து செந்தூல் மக்கள் பேச ஒரு மைக்கும் வராது. இது எனக்கு நெடுநாள் மனக்குறை. நம் தோட்டத்துப் பெரியவர்கள் பலர் பேச்சைப் பதிவு செய்ய ஆளில்லாமலேயே போய்விட்டார்கள்.

பாயான் லெப்பாஸ் கொண்டோவாசி: பால்கனியில் டிஷ் வைத்தேன், நிர்வாகம் கழற்றச் சொல்கிறது. இது நியாயமா அண்ணே?

கசப்பாக இருக்கும், ஆனால் சட்டம் அவர்கள் பக்கம். 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராடா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிகள், கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்ற நிர்வாகத்தின் எழுத்து அனுமதி முன்கூட்டியே வேண்டும் என்கின்றன. நான் டிஷ் பொருத்திய காலத்தில் இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை. பிறகு ஜேஎம்பி நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் மறுபக்கம் தெரிந்தது. எங்கள் பிளாக்கில் ஆளாளுக்கு ஆணி அடித்ததில் சுவர் வெடித்துத் தண்ணீர் கசிந்தது. பழைய டிஷ் ஒன்று ஒரு நாள் காற்றில் கார் மேல் விழுந்தது. நல்ல வேளையாக ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வழி இருக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொது டிஷ் வேண்டும் என்று தீர்மானம் கொடுங்கள். மொட்டை மாடியில் ஒன்று வைத்து, உள்கம்பி வழியாக எல்லா வீட்டுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். நாங்கள் அதைச் செய்தோம். நான்கு கூட்டம் பிடித்தது, அவ்வளவு தகராறு. நிர்வாகம் காதிலேயே வாங்காவிட்டால் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தில் இருக்கும் சிஓபி என்கிற கட்டட ஆணையரிடம் போங்கள். டிவி விஷயத்தில் ஊர் மன்றம் உங்களுக்கு உதவக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஈப்போ சாலை: மழை வந்தால் படம் போய்விடுகிறதே?

கனமழை அந்த அலையைத் தடுக்கும், யாரும் ஒன்றும் செய்ய முடியாது. தூறலுக்கே போனால் டிஷ் நகர்ந்திருக்கும், அல்லது கம்பி முனையில் தண்ணீர் புகுந்திருக்கும். ஆளைக் கூப்பிடுங்கள், நீங்கள் மேலே ஏறாதீர்கள்.

ஆயர் ஈத்தாம் தாத்தா: மாதக் காசு கட்ட முடியவில்லை. தமிழ் செய்தி மட்டும் போதும்.

போதும் ஐயா, காசு வேண்டாம். 2019 அக்டோபர் 31ஓடு பழைய அனலாக் ஒளிபரப்பு நாடு முழுக்க நின்றது. இப்போது மைடிவி என்கிற இலவசச் சேவை வழியாக டிஜிட்டலில் வருகிறது. உங்கள் டிவி புதிதாக இருந்தால் அதை வாங்கும் டிவிபி-டி2 என்கிற டிஜிட்டல் வசதி உள்ளேயே இருக்கும், ஒரு யூஎச்எஃப் ஆண்டெனா போதும். பழசாக இருந்தால் சின்ன டீகோடர் ஒன்று வாங்க வேண்டும். டிவி2இல் தமிழ்ச் செய்தி உண்டு. வானொலியில் மின்னல் எஃப்எம் இருக்கவே இருக்கிறது.

செராஸ் இளைஞர்: எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) ஒரு சேனலை நாங்களே நடத்தலாமா?

யூடியூப்பில் தாராளமாக, தம்பி. அதற்கு நீங்கள் உரிமம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு அங்கேயும் பொருந்தும். பொய்யும் ஆபாசமும் மிரட்டலும் போட்டால் வழக்கு வரும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓட விடாதீர்கள். பக்கத்தில் நாடி மையம் இருந்தால் கணினியும் இணையமும் கேட்டுப் பாருங்கள். முதல் வேலையாக உங்கள் தாமானில் இருக்கும் வயதானவர்களை உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஆளுக்கு அரைமணி நேரம் போதும்.

மீண்டும் செந்தூல் அக்கா: மலாயில் புகார் எழுத வராது தம்பி. யார் உதவுவார்கள்?

பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் தமிழில் பேசினாலே கேட்டுக்கொள்வார்கள், கோலாலம்பூரிலிருந்தும் போன் போடலாம். ரசீதையும் மூன்று மாத பில்லையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.