கணக்குப் போட்டால் புரிந்துவிட்டதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். எங்கள் காலத்தில் கரும்பலகையில் சூத்திரத்தைத் தருவித்துக் காட்டுவோம், மாணவர்கள் கணக்குப் போட்டுத் தேறுவார்கள். இன்றோ வகுப்பில் மாணவர்கள்தான் பேசுகிறார்கள், சோதனைகள் திரையில் ஓடுகின்றன. பாடம் நீர்த்துவிட்டது என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திரை பற்றிய உங்கள் கவலை எனக்கும் உண்டு. வகுப்பில் மாணவர்கள் பேசுவதைப் பற்றி மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை.

கணக்கு வந்துவிட்டால் இயற்பியல் புரிந்துவிட்டது என்று நெடுங்காலம் நம்பினோம். 1980களில் அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியர் டேவிட் ஹெஸ்டனஸும் அவருடைய சகாக்களும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். எண்களே இல்லாத கேள்விகள். எறிந்த பந்து மேலே போய்க்கொண்டிருக்கிறது. காற்றுத் தடையை விட்டுவிட்டால் அதன்மீது என்னென்ன விசைகள்? புவியீர்ப்பு ஒன்றுதான். ஆனால் நியூட்டன் விதிகளைப் படித்து முடித்த கல்லூரி மாணவர்களிலேயே பலர், கை கொடுத்த விசை இன்னும் பந்தை மேலே தள்ளுகிறது என்றார்கள். நியூட்டனுக்கு முந்தைய நூற்றாண்டுகளின் நம்பிக்கை அது. அத்தனை கணக்குகளும் அதை அசைக்கவே இல்லை.

இப்படிப்பட்ட கேள்விகளை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் கொடுத்தபோது மாணவர் ஒருவர் கேட்டாராம்: நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா? எனக்கு இதைவிட முக்கியமான கேள்வி இந்தத் துறையில் இல்லை. மசூர் பாடம் நடத்தும் முறையையே மாற்றினார். கேள்வியைப் போடுவார், ஒவ்வொருவரும் தனியாகப் பதில் சொல்ல வேண்டும், அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும், பிறகு மறுபடி பதில். நீங்கள் பார்க்கும் சத்தமான வகுப்புகள் பலவற்றுக்கும் மூலம் இதுதான். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998-ல், இதே மாதிரியான கேள்விகளுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுதிய தேர்வு முடிவுகளைத் தொகுத்தார். தொடக்கத்தில் தெரியாமல் இருந்ததில், விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 23 சதவீதம் பிடிபட்டிருந்தது. மாணவர்கள் விவாதித்துப் படித்த வகுப்புகளில் 48.

சரி, திரைக்கு வருகிறேன். 2002-ல் இயற்பியலாளர் கார்ல் வீமன் தொடங்கிய ஃபெட் சிமுலேஷன்கள், அதாவது கணினித் திரையில் செய்துபார்க்கும் சோதனைகள், அருமையானவை. மின்புலத்தையும் அணுவையும் வேறு எப்படிக் கண்ணால் காட்ட முடியும்? ஆனால் தனி ஊசலுக்கு எதற்குத் திரை? நூலில் குண்டைக் கட்டி, 20 அலைவுகளுக்கு நேரம் எடுக்கும் மாணவருக்கு ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும். நிறுத்துக் கடிகாரத்தை விரல் தாமதமாக அழுத்தியிருக்கும், குண்டு வட்டமடித்திருக்கும். எந்த எண்ணை நம்புவது, எவ்வளவு நம்புவது என்று அவரே முடிவுசெய்ய வேண்டும். 1880களிலேயே ஹார்வர்ட், சேர வரும் மாணவர்கள் பள்ளியில் தாங்களே செய்துபார்ப்பதற்காக 40 சோதனைகளைப் பட்டியலிட்டது. 1956-ல் தொடங்கிய பி.எஸ்.எஸ்.சி. என்ற அமெரிக்கப் பள்ளி இயற்பியல் பாடத்திட்டமும் மாணவர்களே கையாளக்கூடிய எளிய கருவிகளை நம்பியது. எனவே செய்முறை வகுப்பை வெட்டி அந்த நேரத்தில் சிமுலேஷன் ஓட்டும் இடங்களில், உங்கள் கோபம் முழுக்க நியாயமானது.

அன்புடன்