ஏழு கார்னர்கள்

அன்புள்ள ஐயா,

டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நம் பெண்கள் ஹாக்கி அணி ஆஸ்திரேலியாவை வென்றது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. கிடைத்த ஒரே பெனால்டி கார்னரில் ஒரு கோல், அதை வைத்து ஒரு வெற்றி. பதக்கமும் வரவில்லை. நான்காம் இடம் 1980 மாஸ்கோவிலேயே வந்ததுதானே? பாரிஸுக்குத் தகுதிகூடப் பெறவில்லை. குருட்டு அதிர்ஷ்டத்தை ஏன் சாதனை என்கிறீர்கள்?

எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

ஹாக்கி ஊர்க்காரர் கேட்கிறீர்கள், மழுப்பினால் விடமாட்டீர்கள்.

முதலில் மாஸ்கோ. அங்கே விளையாடியதே 6 அணிகள். முன்னணி நாடுகள் பல புறக்கணித்துவிட்டன. அரையிறுதி, இறுதி எதுவும் கிடையாது, எல்லோரும் எல்லோருடனும் ஆடி, புள்ளிக் கணக்கில் வரிசை. கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட ஜிம்பாப்வே தங்கத்தை எடுத்துக்கொண்டு போனது. டோக்கியோவில் 12 அணிகள். 2016 ரியோவிலும் 12 அணிகள்தான், அங்கே நமக்குக் கிடைத்தது கடைசி இடம். இரண்டு நான்காம் இடங்களும் ஒன்றல்ல.

அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது ஆஸ்திரேலியா ஆட்டத்தில் இல்லை, அதற்கு முன்னால். நெதர்லாந்திடம் 1-5, ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4 என்று முதல் மூன்றும் தோல்வி. அப்புறம் அயர்லாந்தை 1-0, தென்னாப்பிரிக்காவை 4-3 என்று வென்றோம். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்ஸில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். அதற்கும் பிறகு, நாம் காலிறுதிக்குப் போக, பிரிட்டன் அயர்லாந்தைத் தோற்கடிக்கிறதா என்று மாலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோற்கடித்தது. அதை அதிர்ஷ்டம் என்று சொல்லுங்கள், கையெழுத்தே போடுகிறேன்.

2021 ஆகஸ்ட் 2, காலிறுதி. ஆஸ்திரேலியா ஐந்து குழு ஆட்டங்களையும் வென்று, மொத்தமே ஒரு கோல்தான் விட்டுக்கொடுத்திருந்தது. 22ஆவது நிமிடத்தில் குர்ஜித் கவுர் அடித்த கோலை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். குழு ஆட்டங்களில் ஒரு கோல்கூடப் போடாமல், ஜெர்மனிக்கு எதிராக, கோல்கீப்பர் மட்டுமே எதிரில் நிற்கும் பெனால்டி ஸ்ட்ரோக்கையும் தவறவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர் அவர். ஆனால் நான் எழுதியது அந்தக் கோலைப் பற்றி அல்ல. ஆஸ்திரேலியாவுக்குக் கிடைத்த ஏழு பெனால்டி கார்னர்களைப் பற்றி.

உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கோலுக்கு அருகே தடுக்கும் அணி தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்புதான் பெனால்டி கார்னர். கார்னர் என்றதும் தடுக்கும் அணியில் கோலியோடு (கோல்கீப்பர்) சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு ஓட வேண்டும். கோலி தவிர்த்த நால்வரும் அவசர அவசரமாக முகக்கவசம் மாட்டிக்கொள்வார்கள். பின்கோட்டிலிருந்து பந்து தள்ளப்பட்டதும் ஒருவர் நேராக அடிப்பவரை நோக்கிப் பாய்வார். பந்தைப் பறிப்பது மட்டும் அவர் வேலை இல்லை. கோலின் ஒரு பக்கத்தைத் தன் உடம்பாலேயே அடைத்துக்கொண்டு ஓட வேண்டும். அந்தப் பக்கத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பித்தான் கோலி மறுபக்கம் சாய்வார். அவர் அரை அடி தடம் மாறினால் கோலி ஏமாந்தார். ஐந்து மீட்டருக்குள் வரும் முதல் அடி முழங்காலுக்குக் கீழே பட்டால் எதிரணிக்கு இன்னொரு கார்னர். மேலே பட்டால் ஆபத்தான அடி என்று நமக்கு ஃப்ரீ ஹிட். அடி வாங்கினாலும் எந்த இடத்தில் வாங்குகிறோம் என்று கணக்கு இருக்கிறது, பாருங்கள்!

இதை ஏழு முறை செய்தார்கள். ஏழு முறையும் கோல் விழவில்லை. கோலில் சவிதா புனியா. ஒருமுறை தப்பினால் அதிர்ஷ்டம் என்பேன். ஏழும் தப்பினால் அது பயிற்சி.

சரி, அதே அளவுகோலை மற்ற ஆட்டங்களிலும் வைத்துப் பார்ப்போம். அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2. பாரியோனுவேவோ போட்ட இரண்டு கோல்களும் பெனால்டி கார்னரில் வந்தவை. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் 0-2 என்று பின்தங்கி, இடைவேளைக்குள் 3-2 என்று முந்தி, கடைசியில் 3-4. பிரிட்டனின் கிரேஸ் பால்ஸ்டன் 48ஆவது நிமிடத்தில் அடித்த நான்காவது கோலும் கார்னரில்தான். காலிறுதியில் நம்மைக் காப்பாற்றிய அதே இடத்தில்தான் பதக்கமும் போனது.

2024 ஜனவரியில் ராஞ்சியில் நடந்ததையும் இப்படியே பார்க்கிறேன். பாரிஸுக்கான தகுதிச் சுற்று, எட்டு அணிகளில் முதல் மூன்றுக்கு இடம். ஜெர்மனியிடம், சமனான ஆட்டத்தை முடிவுசெய்யும் ஷூட் அவுட்டில் தோற்ற பிறகு, ஜப்பானை வென்றாலும் போதும் என்ற நிலை. ஆறாவது நிமிடத்திலேயே ஜப்பான் ஒரு கார்னரை கோலாக்கிவிட்டது. மீதி நேரம் முழுக்க நமக்கு அடுத்தடுத்து கார்னர்கள் கிடைத்தன, ஒன்றும் உள்ளே போகவில்லை. குர்ஜித் அந்த அணியில் இல்லை. அவர் இருந்திருந்தால் வென்றிருப்போம் என்று சொல்ல வரவில்லை. அவருக்குப் பிறகு கார்னர் அடிக்க யார் என்ற கேள்விக்கு, டோக்கியோ முடிந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியும், சொந்த மண்ணில்கூட பதில் இல்லை என்பதுதான் என் வருத்தம். அதற்காக யாரையாவது திட்ட வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கோல் கோட்டில் நின்ற அந்த ஐந்து பேரை மட்டும் விட்டுவிடுங்கள்.