தேதியை மாற்றுங்கள், ரத்து செய்ய வேண்டாம்

பயணம் தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு, புதுச்சேரி நேரு வீதியில் நெடுங்காலம் டிக்கெட் அலுவலகம் நடத்திய நம் பத்தியாளர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகன் பிரான்சில் துலூஸ் நகரில் வேலை பார்க்கிறான். வரும் செப்டம்பர் 13 அன்று பார்சிலோனாவிலிருந்து கிளம்பும் ஏழு இரவு சொகுசுக் கப்பலில் நானும் மனைவியும், மகனும் மருமகளும், காரைக்கால் சம்பந்தியும் அவர் மனைவியுமாக ஆறு பேர் போக மூன்று கேபின்கள் எடுத்திருக்கிறோம். கட்டணம் குறைகிறது என்பதால், முன்பணம் திரும்பக் கிடைக்காத வகையில், சென்னை ஏஜென்ட் மூலம் தலைக்கு 250 டாலர் கட்டினேன். இப்போது மருமகள் கருவுற்றிருக்கிறாள். செப்டம்பரில் 27 வாரம் ஆகிவிடும். கப்பலில் ஏற்ற மாட்டார்களாம். "முன்பணம் போனது போனதுதான். ரத்து செய்துவிட்டு அடுத்த ஆண்டு புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்" என்கிறார் ஏஜென்ட். சம்பந்தி வீட்டுப் பணமும் என்னால் போகிறதே என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. வழி உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், முத்தியால்பேட்டை

பதில்: வழி உண்டு ஐயா. முதலில் பாட்டி, தாத்தா ஆகப்போகும் நால்வருக்கும் என் வாழ்த்துகள். அடுத்து ஒரு வேண்டுகோள்: இந்தப் பதிலை முழுதும் படித்து முடிக்கும் வரை ஏஜென்ட்டிடம் "ரத்து செய்யுங்கள்" என்று வாயாலும் சொல்லாதீர்கள், மின்னஞ்சலிலும் எழுதாதீர்கள். ரத்து என்று ஒரு முறை கணினியில் ஏறிவிட்டால், பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் பழைய கேபின் திரும்புவது அரிது.

திரும்பக் கிடைக்காத முன்பணம் பணமாகக் கைக்கு வராது என்பது உண்மைதான். ஆனால் பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவற்றில் அதே பணத்தை அந்த நிறுவனத்தின் வேறொரு கப்பலுக்கோ வேறொரு தேதிக்கோ நகர்த்த முடியும். அதற்கு மாற்றுக் கட்டணம் வாங்குவார்கள். ராயல் கரீபியன் நிறுவனத்தில் பல ஆண்டுகளாக இருந்துவந்த அளவு தலைக்கு 100 டாலர். உங்கள் நிறுவனமும் அதே அளவு கேட்டால் கணக்கு இதுதான்: ஆறு பேருக்கு நீங்கள் கட்டியது 1500 டாலர், மாற்றுக் கட்டணம் 600 டாலர். மீதி 900 டாலர் உங்களுடையதாகவே இருக்கிறது. ஏஜென்ட் சொன்னபடி கேட்டிருந்தால் இந்த 900 டாலரும் காற்றோடு போயிருக்கும்.

இதையெல்லாம் முடிவு செய்கிற ஒரு தேதி உங்கள் கையில் இருக்கும் புக்கிங் தாளிலேயே அச்சாகியிருக்கிறது. அந்தத் தாளை எடுத்து மேஜையில் விரித்து வையுங்கள். மேலே புக்கிங் எண், அதன் கீழே பயணிகள் பெயர், பிறகு கேபின் எண். கட்டண விவரங்களை ஒட்டி, பொடி எழுத்தில், இறுதித் தொகை செலுத்த வேண்டிய நாள் என்று ஒரு வரி இருக்கும். பலரும் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏழு இரவுப் பயணத்துக்கு இது பெரும்பாலும் கப்பல் கிளம்புவதற்கு 90 நாள் முன்பு வரும். செப்டம்பர் 13-க்கு 90 நாள் முன்பு என்றால் ஜூன் 15. அந்த நாளுக்கு முன் கேட்டால் மாற்றுக் கட்டணத்தோடு காரியம் முடியும். அது கடந்துவிட்டால் பிடித்தம் முன்பணத்தோடு நிற்காது. மொத்தக் கட்டணத்தில் கால் பங்கு, பாதி, முக்கால் என்று ஏறி, கடைசி வாரங்களில் முழுவதும் போய்விடும். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது மே மாதம் பிறந்திருக்கும். அவசரப்பட வேண்டியதில்லை, ஆனால் ஜூன் வரை தள்ளிப்போடவும் கூடாது.

மருமகளைப் பற்றி ஏஜென்ட் சொன்னது சரி. பயணத்தின் எந்த நாளிலும் கர்ப்பம் 24-ஆவது வாரத்துக்குள் நுழைந்திருக்கக் கூடாது என்பது பெரும்பாலான சொகுசுக் கப்பல்களின் விதி. அதைத் தளர்த்தச் சொல்லிக் கேட்காதீர்கள். நடுக்கடலில் குறைப்பிரசவத்தைச் சமாளிக்கும் வசதி கப்பல் மருத்துவமனையில் இல்லை. ஆனால் நீங்கள் மனம் மாறி விலகவில்லை, அவர்களுடைய விதியே உங்களைத் தடுக்கிறது. ஆகவே துலூஸ் மருத்துவரிடம் பிரசவத் தேதி குறிப்பிட்ட கடிதம் ஒன்றை வாங்கி அனுப்பி, அந்த ஒரு கேபினுக்காவது மாற்றுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி கேளுங்கள். கட்டாயம் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்பது உங்கள் நியாயம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

புதிய தேதியை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். இரண்டாம் முறை மாற்றினால் இரண்டாம் முறையும் கட்டணம் விழும். பிரசவம் டிசம்பர் நடுவில் என்று கணக்காகிறது. பல கப்பல்களில் கைக்குழந்தைக்குக் கிளம்பும் நாளன்று குறைந்தது ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும். தொடர்ந்து பல நாள் கரை காணாமல் ஓடும் நீண்ட பயணங்களுக்கு ஒரு வயது. ஆகவே ஜூன் மாதத்தை மறந்துவிடுங்கள். நான்கு நாள் வித்தியாசத்தில் ஏழாவது பயணிக்கு இடமில்லை என்று நின்றுவிடும். அடுத்த செப்டம்பர் என்றால் குழந்தைக்கு ஒன்பது மாதம், மத்தியதரைக் கடலில் வெயிலும் தணிந்திருக்கும். மகனின் கேபினில் மூன்றாவது ஆளுக்கு இடம் உண்டா என்பதை இப்போதே கேட்டு, அப்படிப்பட்ட கேபினையே எடுக்கச் சொல்லுங்கள். கைக்குழந்தையும் கப்பலின் கணக்கில் ஓர் ஆள்தான்.

இனி ஏஜென்ட். அவர் மூலம் போட்ட புக்கிங்கை அவர்தான் மாற்ற முடியும். நீங்கள் நேரே நிறுவனத்துக்குப் போன் செய்தால் "உங்கள் ஏஜென்ட்டிடம் பேசுங்கள்" என்றுதான் பதில் வரும். எனவே அவரைப் பகைத்துக்கொள்ளாமல், ஆனால் எழுத்தில் கேளுங்கள். மூன்று புக்கிங் எண்களையும் குறிப்பிட்டு, "ரத்து வேண்டாம், தேதி மாற்றம் வேண்டும், கப்பல் நிறுவனத்தின் மாற்றுக் கட்டணம் எவ்வளவு, உங்கள் அலுவலகக் கட்டணம் எவ்வளவு, புதிய தேதியில் கேபின் விலை எவ்வளவு, பழைய சலுகைகளில் எது எது போகும் என்று தனித்தனியே எழுதி அனுப்புங்கள்" என்று நான்கே வரி போதும். நிறுவனக் கட்டணத்தையும் ஏஜென்ட் கட்டணத்தையும் ஒரே தொகையாகச் சேர்த்துச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன்: பிரித்துக் கேட்கிற வாடிக்கையாளருக்குப் பிரித்துத்தான் சொல்வார்கள்.

புதிய தேதிக்கு அன்றைய விலைதான். உங்கள் பழைய மலிவு விலை புதிய தேதிக்குத் தொடராது; கப்பலில் செலவழிக்கக் கொடுத்த சலுகைத் தொகை போன்றவையும் பெரும்பாலும் விழுந்துவிடும். விலை மிக அதிகமென்று தெரிந்தால் இன்னொரு வழியையும் விசாரியுங்கள். சில நிறுவனங்கள், இறுதித் தொகைக்கான நாளுக்கு முன் ரத்து செய்பவர்களுக்கு, முன்பணத்தில் அந்த 100 டாலரைக் கழித்து மீதியை அடுத்த பயணத்துக்கான கிரெடிட்டாகத் தருகின்றன. கழிவது அதே தொகைதான். ஆனால் அந்த கிரெடிட் பயணியின் பேரிலேயே இருக்கும், வழக்கமாக ஓராண்டில் காலாவதியாகும். ஓராண்டுக்குள் புக்கிங் போட்டால் போதுமா, பயணமே முடிந்திருக்க வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். உங்கள் நிலையில் நான் தேதி மாற்றத்தைத்தான் எடுப்பேன். கேபின் கைவசம் இருக்கும், சம்பந்தி வீட்டாருக்கும் நிம்மதி.

மூன்று கேபின்களையும் ஒரே நாளில், ஒரே தொடராக மாற்றச் சொல்லுங்கள். தனித்தனியே மாற்றினால் பக்கத்துப் பக்கத்து அறை கிடைக்காது, இரவு உணவு மேஜையும் பிரிந்துவிடும். புதிய கேபினைப் பிடித்து வைத்த பிறகே பழையதை விட வேண்டும்.

விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் நல்லதாயிற்று. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். பேரப்பிள்ளைப் பேறுகாலத்துக்குச் சம்பந்தியம்மா நிச்சயம் துலூஸ் போவார். அந்த விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்ற கணக்கை அவருக்கு மட்டும் நினைவூட்டுங்கள். ஏஜென்ட் உங்களிடம் டிசிஎஸ், அதாவது வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் வாங்கும்போதே பிடிக்கும் வரி, பிடித்திருந்தால் அது உங்கள் பான் எண்ணில், வருமான வரித் துறையின் கணக்கில் தெரியும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கேட்டுப் பெறுங்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நானும் தோழியும் சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுக் கப்பலுக்கு ஒரே கேபின் எடுத்தோம். தோழிக்கு விடுமுறை கிடைக்கவில்லை. முன்பணம் திரும்பாது. அவருக்குப் பதில் என் அக்காள் மகளை அழைத்துப் போகலாமா?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தாராளமாகக் கேட்கலாம் அம்மா. முதலில் பதிவு செய்தவர்களில் ஒருவராவது கேபினில் தொடர்ந்தால், மற்றவர் பெயரை மாற்றப் பல நிறுவனங்கள் சம்மதிக்கும். இருவர் பெயரும் மாறினால் அது புதிய புக்கிங். இதற்கும் இறுதித் தொகை நாளுக்கு முன்பே கேட்பது நல்லது. இவ்வளவு குறுகிய பயணத்துக்கு முன்பணமே சிறியது; தேதி மாற்றினால் மாற்றுக் கட்டணம் அதை விழுங்கிவிடக் கூடும். பெயர் மாற்றம்தான் உங்களுக்கு லாபம்.

அக்காள் மகளின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். நம் பெயர்களில்தான் இந்தச் சங்கடம்: ஆதாரில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும். பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். சிங்கப்பூருக்குப் பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

ஒருவேளை யாரும் வராமல் நீங்கள் தனியே போவதானால், தோழியின் பெயரை நீக்கச் சொல்வதற்கு முன் விலை கேளுங்கள். கேபின் விலை இருவர் கணக்கில் போட்டது. ஒருவர் மட்டும் என்றால் ஏறக்குறைய இரு மடங்கு உங்கள் தலையில் விழும். பெயர் இருந்து ஆள் வராவிட்டால் துறைமுக வரியாவது திரும்ப வரும்.

கேள்வி: இறுதித் தொகைக்கு முன்பே மாற்றம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். ஏஜென்ட் பதிலே சொல்லாமல் நாளைக் கடத்திவிட்டு, இப்போது எல்லாம் போச்சு என்கிறார். வழக்குப் போடலாமா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: போடலாம். அந்த மின்னஞ்சலின் தேதிதான் உங்கள் பலம். அதைப் பத்திரப்படுத்துங்கள், தொலைபேசியில் மட்டும் பேசிக் காலம் கடத்தாதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். பல ஏஜென்ட்டுகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள். பலிக்காவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டு சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு. உங்கள் புகாரைச் சேவைக் குறைபாடு என்று எழுதுங்கள். ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதிட்டால் அது மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியதாகும். உங்கள் விஷயத்துக்கு அது தேவையில்லை.

கேள்வி: டிசம்பர் முதல் வாரம் சிங்கப்பூரில் கப்பல் ஏற வேண்டும். புயல் வந்து நாங்கள் போக முடியாவிட்டால் பணம் திரும்ப வருமா?
— குடும்பத் தலைவி, கடலூர் முதுநகர்

பதில்: கப்பலே கிளம்பாவிட்டால் முன்பணம் உட்பட முழுத் தொகையும் வரும். கப்பல் கிளம்பி நீங்கள் மட்டும் போய்ச் சேராவிட்டால் வராது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் உங்கள் ஊரைப் படுத்திய பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரத்தில் சிங்கப்பூர்க் கப்பல்கள் தம் போக்கில் போய்க்கொண்டுதான் இருந்தன.

இறுதித் தொகை இன்னும் கட்டவில்லை என்றால், பிப்ரவரிக்கு மாற்ற என்ன செலவு என்று இன்றே கேளுங்கள். டிசம்பர்தான் வேண்டும் என்றால் இரண்டு நாள் முன்னதாகவே சிங்கப்பூர் போய்ச் சேருங்கள். பயணம் தடைபடுவதற்கும் சேர்த்து ஈடு தரும் காப்பீட்டை இப்போதே எடுங்கள். வானிலை மையம் புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்கு ஈடு கிடைக்காது.