சுகோய்-35: குட்டி இறக்கை உள்ளதும் இல்லாததும்

ரஷ்யப் போர் விமானமான சுகோய்-35 என்று தலைப்பிட்ட இரண்டு படங்களில் ஒன்றில் குட்டி இறக்கை இருக்கிறது, மற்றதில் இல்லை, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு தலைப்பும் சரிதான். முதன்மை இறக்கைக்கு முன்னால் குட்டி இறக்கை (கனார்டு) உள்ளது பழைய சுகோய்-35, இல்லாதது இன்றைய சுகோய்-35எஸ். ஒரே பெயரை இரு வேறு விமானங்களுக்கு வைத்ததால் வந்த குழப்பம் இது.

முதலாவதன் உள்பெயர் சுகோய்-27எம். 1988-இல் பறந்தது, 1992-இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சிக்கு சுகோய்-35 என்ற பெயரில் வந்தது. ரஷ்யாவில் பணமில்லாத காலம். விரல்விட்டு எண்ணும் அளவுக்கே கட்டினார்கள். அதில் 711 எண் விமானத்துக்குத் எஞ்சின் புகை வெளியேறும் திசையைத் திருப்பும் எக்ஸாஸ்ட் முனை பொருத்தி சுகோய்-37 என்றார்கள். அதைத் தனி ரகமாக எண்ண வேண்டாம்.

இரண்டாவது 2008-இல் பறந்தது. திசை திருப்பும் முனை இதன் எல்லா விமானங்களிலும் உண்டு, கனார்டு தேவைப்படவில்லை.

கனார்டு தெரியாத கோணமா? தரையிறங்கும் படத்தைப் பாருங்கள். காக்பிட்டுக்குப் பின்னால் முதுகில் பெரிய பலகை நிமிர்ந்து நின்றால் அது ஏர்பிரேக் (வேகம் குறைக்கும் பலகை): அந்த விமானம் 35எஸ் இல்லை. 35எஸ்ஸில் அந்தப் பலகையே கிடையாது. இரு வால் சுக்கான்களையும் எதிரெதிராகத் திருப்பி வேகத்தைக் குறைக்கும்.

ஒரு எச்சரிக்கை: கனார்டும் ஒற்றை இருக்கையும் இருந்தாலே பழைய 35 என்று முடிவு கட்டாதீர்கள். கப்பல் தள விமானமான சுகோய்-33-உம் அப்படித்தான். மடங்கும் இறக்கை, வாலடியில் கொக்கி இரண்டையும் தேடுங்கள்; இருந்தால் அது 33. கனார்டோடு இரட்டை இருக்கை என்றால் பெரும்பாலும் ரஷ்யாவின் சுகோய்-30எஸ்எம் அல்லது நம் இந்திய விமானப்படையின் சுகோய்-30எம்கேஐ.