ஆறு கைகளுக்கும் யார் சொல்லிக்கொடுத்தது?

வணக்கம் சார்,
பனித்துகளைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மகனுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது என்று எழுதியிருந்தீர்கள். உடனே அவன், "அப்போ ஒரே துகளில் இருக்கிற ஆறு கையும் மட்டும் எப்படி ஒரே மாதிரி இருக்கு? ஒரு கை வளர்றது இன்னொரு கைக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
கவிதா

அன்புள்ள கவிதா,

உங்கள் மகனின் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஏன் எப்போதும் ஆறு, ஏன் ஐந்தோ ஏழோ இல்லை என்று கேட்டு, வானியல் அறிஞர் கெப்ளர் 1611-லேயே ஒரு சிறு நூல் எழுதினார். அணுக்களைப் பற்றி எதுவும் தெரியாத காலம், அவரால் முடிவுக்கு வர முடியவில்லை. நீர் மூலக்கூறுகள் உறையும்போது ஆறாறாக வளையம் கோத்து அடுக்கிக்கொள்கின்றன என்று இன்று நமக்குத் தெரியும். ஆறு வந்தது அங்கிருந்துதான்.

சரி, கைகள். ஒரு கைக்கு இன்னொரு கையைப் பற்றி எதுவுமே தெரியாது.

மேகத்தில் ஒரு தூசியைப் பற்றிக்கொண்டு ஒரு நுண்துளி உறைகிறது, சுற்றியுள்ள நீராவி அதன்மேல் நேரடியாகப் படியப் படிய அது அறுகோணத் தட்டாகிறது. தட்டின் ஆறு மூலைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் நீராவி முதலில் அவற்றுக்குத்தான் கிடைக்கும். கிடைத்தால் இன்னும் நீளும், நீண்டால் இன்னும் கிடைக்கும். அப்படித்தான் கை முளைக்கிறது. அப்புறம் அது காற்றில் அலைந்துகொண்டே இறங்கும்போது குளிரும் ஈரமும் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் துகளின் அகலமே சில மில்லிமீட்டர்தான் என்பதால் ஒவ்வொரு மாற்றமும் ஆறு கைகளுக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறது. ஆறும் ஒரே இடத்தில் கிளை விடுகின்றன. பக்கத்தில் விழும் துகள் வேறு வழியாக வந்திருக்கும், அதனால் அதன் உருவம் வேறு.

இதைச் சோதித்துக் காட்டியவர் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் இருந்த உகிசிரோ நகாயா. குளிரூட்டிய அறையில் கீழே வெதுவெதுப்பான நீரை வைத்து, மேலே நூல்களைத் தொங்கவிட்டுப் பார்த்தார். பருத்தி, பட்டு என்று எதில் முயன்றாலும் நூல் முழுக்க உறைபனி அப்பிக்கொண்டது. முயல் முடியில் மட்டும் சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்ததால் படிகங்கள் தனித்தனியாக நின்று வளர்ந்தன. 1936-இல் உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகம் ஒரு முயல் முடியின் நுனியில் பூத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. மைனஸ் 5 டிகிரியை ஒட்டி ஊசியும் தூணும், மைனஸ் 15-ஐ ஒட்டிக் கிளைவிட்ட நட்சத்திரம் என்று எந்தக் குளிரில் எந்த வடிவம் என்பதை அவர் வரைபடமாகவே போட்டுவிட்டார்.

இன்னொன்றும் மகனிடம் சொல்லுங்கள். நாம் படங்களில் பார்க்கும் துகள்கள் பொறுக்கியெடுத்தவை. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885-லிருந்து 5000-க்கும் மேல் படம் எடுத்தார். கறுப்புப் பலகையில் பனியை ஏந்தி, அழகானதை ஈர்க்கால் தூக்கி, இறகால் மெல்ல அழுத்தி, மூச்சுப்பட்டால் உருகிவிடுமே என்று மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்த படங்கள். ஆனால் வானத்திலிருந்து விழுவதில் பெரும்பாலானவை ஒரு கை குட்டையாக, உடைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருபவைதான்.

ஒரு நல்ல படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு கையிலும் எத்தனை கிளை என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள். கணக்கு ஒத்துவராத கை கிடைத்தால், எந்தக் கை என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.