ஜெர்மனியில் எடுத்த வெல்டர் சான்றிதழ் நெதர்லாந்தில் செல்லுமா? – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: ஐரோப்பா முழுக்க வெல்டர்களுக்கு ஒரே தேர்வுதான் என்கிறார்கள். என் மகன் ஜெர்மனியில் சான்றிதழ் வாங்கியவன். நெதர்லாந்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மறுபடி டெஸ்ட் பீஸ் (தேர்வுக்காக வெல்ட் செய்யும் துண்டு) அடிக்கச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் ஒரே தேர்வு என்பதற்கு என்ன அர்த்தம்?
– வாசகர், பாரிஸ்

பதில்: தேர்வு ஒன்றாகிவிட்டது உண்மை. பொறுப்பு ஒன்றாகவில்லை. குழப்பம் முழுக்க இங்கேதான் தொடங்குகிறது.

முன்பு ஜெர்மனிக்கு டிஐஎன் 8560, பிரிட்டனுக்கு பிஎஸ் 4871 என்று நாட்டுக்கு நாடு தனி விதி இருந்தது. எல்லை தாண்டினால் முதலிலிருந்து தேர்வு. 1992-இல் இஎன் 287 என்ற ஐரோப்பியத் தரவிதி வந்து இதைப் பொதுவாக்கியது. 2013-இல் அதன் இடத்துக்கு இஎன் ஐஎஸ்ஓ 9606-1 வந்தது. 2015 அக்டோபரில் பழையது விலக்கப்பட்டது. இரும்பு, எஃகு வேலைக்கு இன்று நடப்பது இந்த 9606-1. அலுமினியத்துக்கு 9606-2 தனியாக இருக்கிறது. முன்னால் டிஐஎன் இஎன், என்எஃப் இஎன், பிஎஸ் இஎன் என்று நாட்டுக்கு நாடு முன்னெழுத்து மாறினாலும், உள்ளே இருக்கும் விதி ஒன்றே. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டனும் இதே விதியைத்தான் வைத்திருக்கிறது.

ஆனால் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் வெல்டர் வேலை, டாக்டர் வேலைபோல அரசு உரிமம் கொடுக்கும் தொழில் அல்ல. "இவர் வெல்டர்" என்று அந்தச் சான்றிதழ் சொல்வதில்லை. இந்த முறையில், இந்தக் கம்பியில், இந்தத் தடிமனில், இந்த நிலையில் இந்தக் கை போட்ட வெல்ட் சரியாக வந்தது என்று மட்டுமே சொல்கிறது. அது போதுமா என்பதை முடிவு செய்வது செய்யப்போகும் பொருளுக்கான சட்டம். கட்டடச் சட்டகம் என்றால் இஎன் 1090-2, ரயில் பெட்டி என்றால் இஎன் 15085-2, கப்பல் என்றால் கப்பல்களைச் சோதித்து வகைப்படுத்தும் சங்கத்தின் விதி, பிரஷர் வெசல் (அழுத்தக் கலன்) என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/68 ஆணை.

உங்கள் மகனுக்கு மறுதேர்வு வந்ததற்கு இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும்: சான்றிதழின் வரம்புக்குள் அந்த வேலை அடங்கவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாங்க வேண்டிய கையெழுத்து விடுபட்டிருக்கிறது, தேர்வு நடத்திய அமைப்பு அந்தப் பொருளுக்கு அங்கீகரிக்கப்பட்டதல்ல, அல்லது பொருள் விதி கூடுதலாக ஏதோ கேட்கிறது. கடைசி வகைக்கு ஓர் உதாரணம்: இஎன் 1090-2-இல் குழல் சட்டங்கள் 60 டிகிரிக்குக் குறைவான கோணத்தில் சேரும் கிளை இணைப்பு இருந்தால், அதற்குத் தனித் தேர்வு வேண்டும். சாதாரண பிளேட் சான்றிதழை நீட்டிப் பயனில்லை. எந்தக் காரணம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். அடுத்த நாட்டிலும் அதே இடத்தில்தான் தடுக்கும்.

கேள்வி: என் சான்றிதழில் "135 பி பிடபிள்யூ எஃப்எம்1 எஸ் எஸ்10 பிஎஃப் எஸ்எஸ் என்பி" என்று ஒரு வரி இருக்கிறது. இதை எப்படிப் படிப்பது?
– வாசகர், டார்ட்மண்ட்

பதில்: சான்றிதழில் ஐரோப்பா முழுக்க ஒரே மொழியில் எழுதப்பட்டது இந்த வரிதான். மனப்பாடமாக இருக்க வேண்டும்.

135 என்பது முறை: கெட்டிக் கம்பியில் மேக் வெல்டிங் (வாயுக் காப்பில், தொடர்ந்து வரும் கம்பியால் அடிப்பது). கை ராடு என்றால் 111, டிக் (டங்ஸ்டன் முனையால் அடிப்பது) என்றால் 141. அடுத்த பி என்பது பிளேட். பிடபிள்யூ பட் வெல்ட், அதாவது இரு விளிம்புகளை நேருக்கு நேர் சேர்ப்பது. எஃப்எம்1 என்பது நிரப்புக் கம்பியின் குழு, அதாவது சாதாரணக் கார்பன் ஸ்டீல் வகை. பழைய இஎன் 287 தாய் உலோகத்தை வைத்து வகை பிரித்தது. 9606-1 கம்பியை வைத்துப் பிரிக்கிறது. எஃப்எம்1-இல் தேறினால் எஃப்எம்2-உம் சேரும். ஸ்டெயின்லெஸ் கம்பியான எஃப்எம்5 தனி. கார்பன் ஸ்டீல் சான்றிதழ் அதற்குச் செல்லாது, எஃப்எம்5 சான்றிதழ் கார்பனுக்கும் செல்லாது. பெரிய எஸ் என்பது கெட்டிக் கம்பி. சின்ன எஸ்10 என்பது நீங்கள் படியவைத்த வெல்டின் தடிமன் 10 மிமீ. பிஎஃப் கீழிருந்து மேலே ஏறும் நிலை. எஸ்எஸ் என்பி என்றால் ஒரு பக்கமாக, பின்னால் பேக்கிங் (தாங்கும் தகடு) இல்லாமல் அடித்தது. இது கடினமான வகை என்பதால் பேக்கிங் வைத்ததும், இரு பக்க வெல்டும் இதற்குள் அடங்கிவிடும்.

இனி கணக்கு. 3 மிமீ முதல் 12-க்குக் கீழே படிவு இருந்தால், வரம்பு 3 மிமீயில் தொடங்கி இரண்டு மடங்கு வரை. உங்கள் 10-க்கு 3 முதல் 20 மிமீ. அதே தேர்வை 12 மிமீ பிளேட்டில் குறைந்தது மூன்று லேயராக அடித்திருந்தால் 3 மிமீக்கு மேல் உச்சவரம்பே கிடையாது. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் கனமான பிளேட் வேலை முழுவதும் கைநழுவிப் போகிறது. அடுத்த முறை 12 மிமீ கேளுங்கள்.

பைப்பிலும் இதே கதை. 2 இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 60.3 மிமீ. அதில் பாதி, அதாவது சுமார் 30 மிமீ முதல் பெரிய பைப் எல்லாம் அடங்கும். தடிமனில்தான் பலரும் இடறுகிறார்கள். ஸ்கெட்யூல் (பைப்பின் சுவர்த் தடிமனைக் குறிக்கும் எண்) 40 என்றால் சுவர் 3.91 மிமீ, ஆகவே 7.8 வரைதான். ஸ்கெட்யூல் 80 சுவர் 5.54, ஆகவே 11 மிமீ வரை. அடிக்கும் சிரமம் கொஞ்சம்தான் கூடும்.

இன்னொன்று: பட் வெல்டில் தேறினால் ஃபில்லெட்டும் (மூலையில் போடும் வெல்ட்) அடங்கும் என்ற பழைய சலுகை 9606-1-இல் போய்விட்டது. தேர்வு நாளிலேயே 10 மிமீக்குக் குறையாத பிளேட்டில், பிபி நிலையில் (கிடையாக ஓடும் ஃபில்லெட் நிலை), ஒரே லேயர் ஃபில்லெட் பீஸ் ஒன்றைக் கூடுதலாக அடித்துவிடுங்கள். ஒரே தேர்வில் இரண்டும் கிடைக்கும்.

கேள்வி: மூன்று வருடம் செல்லுபடி என்று சான்றிதழில் இருக்கிறது. வேலை மாறினேன். புதிய இடத்தில் காலாவதி என்கிறார்கள். இது நியாயமா?
– வாசகர், ரோட்டர்டாம்

பதில்: சான்றிதழின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே கட்டங்கள் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இவர் இந்த வரம்புக்குள் வெல்டிங் செய்துகொண்டிருக்கிறார் என்று நிறுவனத்தின் வெல்டிங் கோஆர்டினேட்டரோ தேர்வாளரோ அதில் கையெழுத்திட வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தால், மூன்று வருடம் முடியாவிட்டாலும் சான்றிதழ் செல்லாது. கணக்கு தொடங்குவது டெஸ்ட் பீஸ் அடித்த தேதியிலிருந்து. சான்றிதழ் அச்சான தேதியிலிருந்து அல்ல.

நீட்டிக்க மூன்று வழிகள் உண்டு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுதேர்வு எழுதுவது முதல் வழி. இரண்டாவது வழியில் செல்லுபடி இரண்டு வருடம். கடைசி ஆறு மாதத்தில் நீங்கள் அடித்த இரண்டு வெல்டுகளை எக்ஸ்ரே, அல்ட்ராசானிக் அல்லது உடைத்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பி, பதிவைக் காட்டி மேலும் இரண்டு வருடம் வாங்கலாம். மூன்றாவது, நிறுவனத்தின் தர ஏற்பாடு ஐஎஸ்ஓ 3834-2 அல்லது 3834-3 படி சரிபார்க்கப்பட்டிருந்தால், ஆறு மாதக் கையெழுத்தே போதும், மறுதேர்வு கிடையாது. கேட்க சுகமாக இருக்கும். ஆனால் சான்றிதழில் பெயர் உள்ள அதே முதலாளியிடம் இருக்கும்வரைதான் அது உயிரோடு இருக்கும். 2014/68 ஆணைக்கு உட்பட்ட பிரஷர் வேலைக்கு இந்த மூன்றாம் வழி ஏற்கப்படாது.

ஏஜென்சி மூலம் நாடு நாடாகப் போகிறவர்கள் மூன்றாம் வழியில் மாட்டிக்கொள்ளக் கூடாது. முதல் வழியைக் கேட்டு வாங்குங்கள். வேலையை விட்டுக் கிளம்பும் நாளன்று கடைசிக் கையெழுத்து, எக்ஸ்ரே மற்றும் பெண்ட் (வளைப்பு) டெஸ்ட் ரிப்போர்ட், தேர்வில் பின்பற்றிய டபிள்யூபிஎஸ் (வெல்டிங் செய்முறை) தாளின் நகல் மூன்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். பிறகு தபாலில் வரும் என்று நம்பி விடாதீர்கள்.

கேள்வி: மேக் தேர்வில் என் வெல்ட் எக்ஸ்ரேயில் சுத்தமாக வந்தது. வளைத்ததும் பிளந்துவிட்டது. எப்படி?
– வாசகர், லியோன்

பதில்: எக்ஸ்ரே, தடிமனில் உள்ள வித்தியாசத்தைத்தான் நிழலாகக் காட்டும். உலோகம் உருகிச் சேராமல் சுவர்மேல் வெறுமனே ஒட்டிப் படிந்திருந்தால் இடைவெளி இருக்காது, நிழலும் விழாது. 135 முறையில் இது அடிக்கடி நடப்பதால்தான், பட் வெல்டுக்கு எக்ஸ்ரேயோடு வளைப்புச் சோதனையோ முறிப்புச் சோதனையோ கட்டாயம் என்று 9606-1 வைத்திருக்கிறது. 10 மிமீ துண்டை 40 மிமீ உருளையில் 180 டிகிரி வளைப்பார்கள். எந்தத் திசையிலும் 3 மிமீ அளவுள்ள ஒரு பிளவு தெரிந்தால் போதும், தோல்வி.

காரணம் பெரும்பாலும் கையில் இருக்கிறது. ஆம்பியர் குறைவு, அல்லது டார்ச்சைச் சாய்த்து உருகிய குளத்தை ஆர்க்குக்கு முன்னால் ஓடவிடுவது. ஆர்க் குளத்தின்மேல் விழுகிறது, சுவரைத் தொடுவதில்லை. பிஎஃப்-இல் பக்கச் சுவரில் ஒரு நொடி நின்று, நடுவை வேகமாகக் கடக்க வேண்டும். இன்னோர் இடம், நிறுத்தித் தொடங்கும் இடம். ரூட்டிலும் (அடி லேயர்) கேப்பிலும் (மேல் லேயர்) ஒரு முறையாவது நிறுத்தித் தொடங்கிக் காட்டுவது விதி. அந்த இடமும் சோதனைக்குப் போகும். ரூட்டில் நிறுத்திய முனையை கிரைண்டரால் சரிவாக இறகுபோல் தேய்த்துவிட்டு, முனைக்குச் சற்று முன்னாலேயே ஆர்க்கைப் பிடித்து ஏறுங்கள். உள் லேயர்களில் சின்னக் குறைகளைத் தேர்வாளரின் அனுமதியோடு தேய்க்கலாம். கேப்பில் கிரைண்டர் வைத்தால் பீஸ் கழிக்கப்படும்.

கேள்வி: திருச்சியில் ஏஎஸ்எம்இ (அமெரிக்க விதி) படி சிக்ஸ்-ஜி தேர்வு முடித்திருக்கிறேன். இத்தாலியில் பைப் வேலைக்குப் போதுமா?
– வாசகர், திருவெறும்பூர்

பதில்: திறமை போதும், தாள் போதாது. சிக்ஸ்-ஜி நிலையும் ஐரோப்பாவின் எச்-எல்045 நிலையும் ஒன்றுதான். 45 டிகிரி சாய்ந்த அசையாத பைப்பைக் கீழிருந்து மேலாக அடிக்கத் தெரிந்தவருக்கு அங்கே புதிதாக எதுவும் இல்லை. ஆனால் ஏஎஸ்எம்இ பிரிவு 9-இல் வெல்டரைத் தேறவைக்கும் பொறுப்பு அந்த நிறுவனத்துடையது. அடுத்த நிறுவனம் பொதுவாக மறுபடி சோதிக்கும். ஐரோப்பாவிலோ பிரஷர் உபகரணம், ஆபத்தை வைத்துப் பிரித்த வகைகளில், இரண்டு, மூன்று, நான்காம் வகையாக இருந்தால், வெல்டரை அங்கீகரிக்க மூன்றாம் தரப்பு அமைப்பு ஒன்று வேண்டும் என்கிறது 2014/68. அந்த அமைப்பு ஒன்றியத்து நாடு ஒன்றால் ஏற்கப்பட்டதாக இருக்க வேண்டும். முதல் வகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

ஆகவே ஏஜென்டிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: எந்த வகை உபகரணம், என்ன கம்பி, பைப்பின் விட்டமும் சுவரும் எவ்வளவு, தேர்வுச் செலவு யாருடையது. 9606-1 தேர்வை இங்கேயே எழுதிவிட்டுப் போகலாம் என்று சொன்னால், நடத்தும் அமைப்புக்கு மேலே சொன்ன அங்கீகாரம் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் பைப் என்றால் பைப்புக்குள் ஆர்கான் ஓடுவதை ரூட் முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அடுத்த லேயரும் ரூட்டைச் சிவக்கவைக்கும். காற்றுப் பட்டால் உள்ளே சர்க்கரைபோல் கருத்துப் பொரிந்துவிடும், கண் பார்வையிலேயே தோல்வி.

கேள்வி: "இன்டர்நேஷனல் டியூப் வெல்டர்" டிப்ளோமா வாங்கினால் 9606 தேவையில்லையா?
– வாசகர், ஆஸ்லோ

பதில்: தேவை. ஃபில்லெட், பிளேட், டியூப் என்று மூன்று படியாகப் போகும் அந்த டிப்ளோமா, சர்வதேச வெல்டிங் நிறுவனமும் 1992-இல் தொடங்கிய ஐரோப்பிய வெல்டிங் கூட்டமைப்பும் வகுத்த பயிற்சிக்கான சான்று. அது காலாவதி ஆகாது. அதனாலேயே இன்றைக்கு உங்கள் கை எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது. பின்னாளில் வெல்டிங் ஸ்பெஷலிஸ்ட், கோஆர்டினேட்டர் என்று மேலே போக விரும்பினால் அதற்கு நல்ல அடித்தளம். தளத்தில் ராடு பிடிக்க, ஆறு மாதக் கையெழுத்து உள்ள 9606 தாளைத்தான் கேட்பார்கள்.