பாட்டியின் தாத்தா ஆங்கிலேயர்

கேள்வி: என் பாட்டியின் தாத்தா 1850களில் சிங்கப்பூரில் குடியேறிய ஆங்கிலேயராம். பெயர் மட்டும்தான் தெரியும். எப்படித் தேடுவது?
– வாசகி, ஈசூன்

பதில்: என் மாமியார் வீட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. அவருக்காகத் தேசிய நூலகத்தின் மின்னிலக்கச் செய்தித்தாள் தொகுப்பில் மூன்று சனிக்கிழமைகள் உட்கார்ந்தேன். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845இலிருந்தே அதில் இருக்கிறது. பெயரின் எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டபோது, கப்பல் பயணிகள் பட்டியலில் கிடைத்தார். கை நடுங்கிவிட்டது!

அப்புறம் ஃபோர்ட் கேனிங் போய்ப் பாருங்கள். அங்கிருந்த இடுகாடு 1865இல் மூடப்பட்டது. கல்லறைக் கற்கள் சிலவற்றைச் சுவரில் பதித்திருக்கிறார்கள். வயது பொறித்திருந்தால் பிறந்த ஆண்டைக் கணக்கிடலாம்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. 1867 வரை சிங்கப்பூர் பிரிட்டிஷ் இந்திய நிர்வாகத்தின் கீழ் இருந்தது. அதனால் அக்காலத் திருமண, ஞானஸ்நானப் பதிவுகளை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் தேட வேண்டும். இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில்தான் தொடங்கியது. உங்கள் முன்னோர் அதற்கு முன் பிறந்திருந்தால், ஊர்த் தேவாலயப் பதிவேடுதான் வழி.

சரி, அவரை மணந்த பெண் யார்? அந்தப் பாட்டியின் பெயரையும் மறக்காமல் தேடுங்கள். முதலில் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், இந்த வாரமே.